யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்துக்குச் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளையும் சாமானையும் கொண்டுபோய் மலையகத்தில் மூன்று நான்கு நாள் ஓடிவிட்டு வர நினைக்கிறவர்களுக்கானது இது. தார் வீதி கொஞ்சம், தோட்டத்துக் கிரவல் கொஞ்சம் என்கிற வகைப் பயணம். சைக்கிள் ஓடத் தெரியும், ஏற்றம் தெரியாது என்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் மலை என்பது கீரிமலையின் பெயரில் மட்டும்தானே இருக்கிறது.

ஊரில் ஒரு நாளில் 100 கிலோமீற்றர் ஓடுவேன். மலையில் எவ்வளவு ஓடலாம்?

கிலோமீற்றரை வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் எங்களுடைய ஆட்கள் விடுகிற முதற் பிழை. மலையில் எண்ண வேண்டியது அன்றைக்கு ஏறுகிற மொத்த உயரத்தை. பாரத்தோடு ஓடும் சாதாரண ஆளுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும்: கிலோமீற்றரை 15 ஆல் பிரியுங்கள், ஏறும் மீற்றரை 350 ஆல் பிரியுங்கள், இரண்டையும் கூட்டினால் வருவது மணித்தியாலம். 45 கிலோமீற்றர் தூரமும் 1,200 மீற்றர் ஏற்றமும் என்றால் 3 மணித்தியாலமும் ஏறக்குறைய மூன்றரையும், மொத்தம் ஆறரை. தேத்தண்ணி, படம் எடுத்தல், வழி கேட்டல், செயின் கழன்றது என்று அதில் கால்வாசியைக் கூட்டினால் எட்டு. காலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் பிற்பகல் 2 மணி. மலையில் இடி இடிக்கத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான்.

பாதை முழுக்கக் கிரவல் என்றால் 15 க்குப் பதில் 10 ஆல் பிரியுங்கள். அதே 45 கிலோமீற்றர் இப்போது பத்து மணித்தியாலம் கேட்கும். அப்படியான நாளை 30, 35 கிலோமீற்றரோடு நிறுத்துவதுதான் புத்தி. முதற் பயணத்தில் எந்த நாளும் 1,000 மீற்றர் ஏற்றத்தைத் தாண்டாமல் திட்டமிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. அதுதான் விடை. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டும்: வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா. அதே மாதங்களில் கிழக்கே ஊவாப் பக்கம், அதாவது வெலிமடை, பண்டாரவளை, பதுளை, வரண்டு கிடக்கும். காற்று மட்டும் பலமாக இருக்கும். டிசெம்பரிலும் ஜனவரியிலும் வாடைக்காற்றோடு மழை கிழக்குச் சரிவுக்கு வரும். மாரியில் நாங்கள் நனையும்போது பதுளையும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கமும் நனைகின்றன என்று நினைவில் வைத்தால் போதும்.

ஆகவே மேற்குப் பக்கம் என்றால் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை. ஊவா என்றால் ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை. ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் காலை வெளுப்பாக இருக்கும், பின்னேரம் இடியோடு மழை வரும். ஏப்ரலில் நுவரெலியாவில் சனநெரிசல் வேறு. அறை கிடைக்காது, வீதியில் வாகனம் அடைத்து நிற்கும்.

என்னுடைய சாதாரண ஒற்றைக் கியர் சைக்கிளில் போகலாமா?

போகலாம், தள்ளிக்கொண்டு. ஏறி ஓட வேண்டுமென்றால் முன் பல்லுச்சக்கரம் பின்னதைவிடச் சிறியதாக வரும் ஒரு கியராவது வேண்டும். கணக்கைப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் வீதியில், மணிக்கு 6 கிலோமீற்றர் போகிறீர்கள். முன்னுக்கு 34 பல், பின்னுக்கு 34 பல் என்றால் நிமிடத்துக்கு 48 தடவைதான் பெடல் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். முன்னுக்கு 22, பின்னுக்கு 34 என்றால் அதே வேகத்தில் 70 க்கு மேல் சுற்றும். முதல் நாள் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டாம் நாள் காலை படி இறங்கும்போது தெரியும்.

புதிய கிரவல் சைக்கிள் கட்டாயமில்லை. மூன்று முன் பல்லுச்சக்கரமும் ஏழு அல்லது எட்டுப் பின் பல்லுச்சக்கரமும் உள்ள பழைய மவுண்டன் சைக்கிள் இந்த வேலைக்கு நன்றாகப் போதும். பின் பல்லுச்சக்கரக் கூட்டின் பெரிய பல்லு 28 என்றால் 34 ஆக மாற்றுங்கள். மாற்றும்போது செயினும் சில கண்ணி நீளமாக வேண்டும், பின் கியர்க் கை அந்த அளவைத் தாங்குமா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். முன்னுக்கு ஸ்பிரிங் உள்ள மலிவுச் சைக்கிளில் அந்த ஸ்பிரிங் பாரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

ஏற்றம்தானே கஷ்டம்? இறக்கம் சும்மா வரும்தானே?

இல்லை. ஏற்றத்தில் களைப்பீர்கள், இறக்கத்தில்தான் விழுவீர்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை வருடம் ஓடியிருந்தாலும் பிறேக்கைத் தொடர்ந்து பத்து நிமிடம் பிடித்த அனுபவம் யாருக்கும் இல்லை.

100 கிலோ 1,000 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 980 கிலோயூல். மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாக இறங்கினால் காற்று அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பயந்து மெதுவாக, பிறேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அவ்வளவு சூடும் றிம்முக்கும் பிறேக் கட்டைக்கும்தான் போகிறது. றிம் சுட்டால் உள்ளே ரியூப்பில் காற்றழுத்தம் ஏறும், ஒட்டுப் போட்ட இடம் இளகும், சில வேளை வளைவிலேயே வெடிக்கும். டிஸ்க் பிறேக்கில் ரியூப்புக்கு ஆபத்தில்லை. ஆனால் தகடு சுட்டுப் பிடி குறையும்.

ஆகவே தொடர்ந்து பிடிக்காதீர்கள். நேர் துண்டில் விட்டு, வளைவுக்கு முன்னரே இரண்டு பிறேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விடுங்கள். 200, 300 மீற்றர் உயரம் இறங்கியதும் நின்று, ஒரு துளி தண்ணீரை றிம்மில் விட்டுப் பாருங்கள். சீறினால் பத்து நிமிடம் இருங்கள். தளர்ந்த கிரவலில் முன் பிறேக்கை இறுக்கினால் முன் சில்லு சறுக்கி ஆளைக் கீழே போடும். அங்கே பின் பிறேக்கை அதிகமும் முன் பிறேக்கைத் தொட்டுத் தொட்டும் பாவியுங்கள். உடம்பைச் சீற்றுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வையுங்கள்.

இரும்பு றிம்மும் கம்பிப் பிறேக்கும் உள்ள சைக்கிளை மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். மழையில் நனைந்த இரும்பு றிம் நிற்காது. புதிய பிறேக் கட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள், இரண்டு சோடி மேலதிகமாக எடுங்கள். ஈரக் கிரவலில் கட்டை நீங்கள் நினைப்பதைவிட வேகமாகத் தேயும். கட்டையில் உள்ள வெட்டுக் கோடு மறைந்தால் மாற்றும் நேரம்.

ரயர் என்ன அளவு? காற்று எவ்வளவு?

குறைந்தது 42 மி.மீ., முடிந்தால் 50. 26 அங்குலச் சைக்கிள் என்றால் 2.0 அல்லது 2.1 அங்குலம். கல்லுக் கல்லாக அடித்துப் பார்க்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். 45 மி.மீ. ரயருக்கு 35 பிஎஸ்ஐ அளவிலும் 2.1 அங்குலத்துக்கு 28, 30 அளவிலும் தொடங்குங்கள்; ஆள் பாரமென்றால் பின்னுக்கு 3, 4 கூட. மிகவும் குறைத்தால் கல்லில் மோதி றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசிந்து, பாம்பு கொத்தியது போல இரண்டு ஓட்டை விழும்.

வால்வு கார், மோட்டார் சைக்கிளுக்கு வரும் தடித்த வகையாக இருப்பது நல்லது. காரணம் எளிது. யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை. மலையகத்தில் சைக்கிளே அபூர்வம், கடை எங்கே வரும்? ஆனால் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிற இடம் எந்தச் சின்ன நகரத்திலும் உண்டு, அங்கே கொம்பிறசரும் உண்டு. சொட்டுச் சொட்டாக அடிக்கச் சொல்லுங்கள். ஒரே அமுக்கில் சைக்கிள் ரியூப் வெடித்துவிடும்.

ரியூப் இல்லாத ரயரும், ஓட்டையை அடைக்க அதற்குள் ஊற்றும் பால் போன்ற திரவமும் நல்லவைதான். எங்களுடைய வெக்கையில் அந்தப் பால் சில மாதத்தில் காய்ந்துவிடும், வழியில் வாங்கவும் முடியாது. முதற் பயணத்துக்கு ரியூப்.

கையில் என்னென்ன சாமான்?

ரியூப் 2, ஒட்டுப் பெட்டி (சொலுசன் காயவில்லை என்று பார்க்கவும்), ரயர் கழற்றும் நெம்பு 3, கைப்பம்ப், 4, 5, 6 மி.மீ. அலன் சாவி, செயின் வெட்டும் கருவி, உங்கள் செயினுக்குரிய இணைப்புக் கண்ணி 2, பின் பிறேக் கேபிள் 1, கியர் கேபிள் 1, சில்லுக்குச் சரியான நீளத்தில் கம்பி 3, கரியர் பூட்டும் 5 மி.மீ. போல்ற் 4, பிளாஸ்ரிக் கட்டுப் பட்டி 8, செயின் எண்ணெய் ஒரு சிறு போத்தல். பின் கியரைச் சட்டத்தோடு பூட்டும் சின்ன அலுமினியக் காது ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு வேறு. உங்களுடையதற்கு ஒன்று தேடி எடுத்து வையுங்கள். சைக்கிள் வலப் பக்கம் விழுந்தால் வளைவது அதுதான், அது முறிந்தால் எந்தக் கடையும் உதவாது.

ரயரின் பக்கச்சுவர் கிழிந்தால்?

தோட்டத்துப் பாதையில் பாவியிருக்கும் உடைகல் கத்தி மாதிரி. ஓட்டையைப் போல இதுவும் வரும். ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, ரியூப்பை வெளியே எடுங்கள். பழைய ரயரில் வெட்டிய 6 க்கு 4 சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை, விளிம்புக் கம்பி இல்லாமல், கிழிசலின் உட்புறம் வையுங்கள். அது இல்லையென்றால் பற்பசைக் குழாயை வெட்டி மடித்து வைக்கலாம். ரியூப்பில் சிறிது காற்று விட்டுத் திரும்பப் போடுங்கள். அந்த அமுக்கத்தில் துண்டு இடம் மாறாமல் நிற்கும். காற்றை வழமையைவிட 5 பிஎஸ்ஐ குறைவாக அடியுங்கள். கிழிந்த ரயர் பின்னுக்கு என்றால் முன்னுக்கு மாற்றுவதா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், முன் ரயர் இறக்கத்தில் வெடித்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது.

சாமான் எவ்வளவு, எதில் கட்டுவது?

தண்ணீரும் சாப்பாடும் தவிர்த்து 8 கிலோ. அறையில் தங்குகிறீர்கள் என்றால் 6 போதும். ஒவ்வொரு மேலதிக கிலோவையும் 1,000 மீற்றர் தூக்கிக்கொண்டு போகப்போவது நீங்கள்தான். முதுகில் பை வேண்டாம். சீற் வலியும் தோள் வலியும் சேர்ந்து வரும். விலையான பை இல்லாவிட்டால் தடித்த பொலித்தீன் உறையை உரப்பைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, பழைய ரியூப்பைக் கீலமாக வெட்டிக் கட்டுங்கள். கயிறு அதிர்வில் தளரும், ரியூப் தளராது. பாரமானவை கீழே, சட்டத்தின் நடுவில். ஒவ்வொரு பின்னேரமும் கரியர் போல்ற்றைக் கையால் திருகிப் பாருங்கள். கிரவலில் முதலில் கழன்று விழுவது அதுதான்.

மலை இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி எடுப்பது?

சோளகம் இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் அடிக்கும் காற்றுக்கு எதிரே மணிக்கு 12 இல் ஓடுவது, 100 கிலோ பாரத்தோடு 4 சதவீத ஏற்றம் ஏறுவதற்குக் கிட்ட. பண்ணையிலிருந்து வேலணைக்குப் போகும் கடல் வீதியும் சங்குப்பிட்டிப் பாலத்துப் பக்கமும் அதற்கு நல்லவை. வாரத்தில் இரண்டு நாள் ஒன்றரை மணித்தியாலம், சனி ஞாயிறு அடுத்தடுத்து நான்கு மணித்தியாலம், கடைசி மூன்று வாரம் முழுப் பாரத்தோடு. இரண்டாம் நாளும் சீற்றில் இருக்க முடிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. காற்றில் பழக முடியாதது இறக்கம் ஒன்றே. அதனால் பயணத்தின் முதல் நாளை இலேசாக வையுங்கள்.

கிரவலில் ஓடிப் பழக வன்னிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்துவருகிறது. மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்தில் ஒதுங்கக்கூட வீதியை விட்டு இறங்காதீர்கள்.

சைக்கிளை அங்கே கொண்டுபோவது எப்படி?

நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வான் அல்லது பட்டா பிடிப்பது தலையிடி இல்லாத வழி. பஸ் என்றால் ஏ9 வழியே கண்டி 320 கிலோமீற்றர். சாமான் அறையில் இடம் இருக்குமா என்று முதல் நாளே நடத்துனரிடம் கதையுங்கள். புகையிரதத்தில் வடக்குப் பாதை பொல்காவலையில் பதுளைப் பாதையோடு சேர்கிறது, அங்கே மாற வேண்டும். எந்த வண்டி சைக்கிளைப் பொதியாக ஏற்றும் என்று நிலையத்தில் நேரில் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பெட்டியில் அடைக்கும்போது முன் சில்லைக் கழற்றி, பெடல்களை எடுங்கள். இடப் பெடலின் புரி எதிர்ப்பக்கம்: வலப்புறம் சுற்றினால்தான் கழறும். தெரியாமல் இறுக்கி அலன் சாவியை வளைத்தவர்கள் நிறைய. டிஸ்க் பிறேக் என்றால் கட்டைகளுக்கு நடுவே மட்டைத் துண்டு ஒன்று செருகுங்கள்.

முதற் பயணத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

உயரத்தில் தொடங்கித் தாழ்வில் முடியுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர், பதுளை 680 மீற்றர். இடையில் மூன்று நாள்.

முதல் நாள் நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியே வெலிமடைக்கு இறக்கம், அங்கிருந்து பொரலந்தை வழியே ஹப்புத்தளைக்கு ஏற்றம். 50 கிலோமீற்றர் அளவில். ஹக்கலை இறக்கத்தில் பிறேக்கைப் பழகிவிடுவீர்கள். பின்னேர ஏற்றம்தான் உடம்பை எடுக்கும், ஆகவே வெலிமடையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

இரண்டாம் நாள் சாமானை ஹப்புத்தளை அறையில் விட்டுவிட்டு, தம்பத்தென்னைத் தோட்டப் பாதையால் லிப்ரன் சீற் என்கிற மலை உச்சி வரை. தம்பத்தென்னைத் தேயிலைத் தொழிற்சாலையை தோமஸ் லிப்ரன் 1890 இல் கட்டுவித்தார். அதைத் தாண்டியதும் பாதை ஒடுங்கிச் செங்குத்தாகும். ஹப்புத்தளை 1,430 மீற்றர், உச்சி கிட்டத்தட்ட 1,970. விடிய வெளிக்கிடுங்கள்: ஒன்பது, பத்து மணிக்கு முகில் ஏறிவிட்டால் பார்க்க ஒன்றும் இராது.

மூன்றாம் நாள் பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை. 45 கிலோமீற்றர், பெரும்பாலும் இறக்கம்.

நக்கிள்ஸ் ஆசை இருந்தால் இரண்டாவது பயணத்துக்கு வையுங்கள். 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட காடு அது. உள்ளே போக வனத் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டு அறிய வேண்டும். ஹோட்டன் சமவெளியும் தேசியப் பூங்கா. வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக அதை வீதியாகக் கணக்கெடுக்காதீர்கள்.

தோட்டத்துப் பாதைகளில் விடுவார்களா? வழி எப்படிக் கேட்பது?

யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும். அங்கே தோட்டம் என்றால் லயங்கள், கோயில், பள்ளிக்கூடம், ஸ்டோர் எல்லாம் உள்ள ஊர். ஸ்டோர் என்று அவர்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. பாதை தோட்டக் கம்பனியின் பொறுப்பில்; வாசலில் காவலாளி இருந்தால் இறங்கி, எங்கே போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். தமிழில் கேட்கலாம் என்பது எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆனால் ‘அண்ணை’ என்று இழுக்கும் எங்கள் கதை அங்கே சிலருக்குச் சட்டென்று விளங்காது. ‘அண்ணே’, ‘அக்கா’ என்று நிதானமாகக் கேளுங்கள்.

‘இந்தப் பாதை போகுமா?’ என்று கேட்டால் எல்லாரும் போகும் என்பார்கள், நடந்து போவதை நினைத்து. ‘கொழுந்து லொறி போகுமா?’ என்று கேளுங்கள். லொறி போனால் சைக்கிள் போகும். ‘குறுக்கு இருக்கு’ என்றால் அது தேயிலைக்கு நடுவே இறங்கும் படிக்கட்டு. சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டி வரும். தூரத்தையும் கிலோமீற்றரில் கேட்காதீர்கள், நடக்க எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

கைபேசி வரைபடம் போதாதா?

வேண்டும், ஆனால் வலையமைப்பு இல்லாமல் திறக்கும் வகை வேண்டும். ஓர்கானிக் மாப்ஸ் போன்றவற்றில் பகுதியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்; பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். செயலி காட்டும் ஏற்றத்தின் மேல் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், பிழை எப்போதும் எங்களுக்கு எதிராகத்தான் வரும். 10,000 எம்ஏஎச் பவர்பாங்க் மூன்று நாளுக்குப் போதும்.

சாப்பாடு, தண்ணீர்?

ஏறும்போது மணித்தியாலத்துக்கு 40 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவில் இருக்கும். பனங்கட்டி, எள்ளுருண்டை, கச்சான், பினாட்டு: எந்த வெளிநாட்டுச் சக்திக் கட்டிக்கும் இவை குறைந்தவை அல்ல, வெயிலில் உருகி ஒட்டுவதும் இல்லை. பனங்கட்டியை முதலே சிறு துண்டாக உடைத்து எடுங்கள், குளிரில் கையால் உடைபடாது. பசி எடுக்குமுன் சாப்பிட வேண்டும். பசி தெரிந்த பிறகு அரை மணித்தியாலம் போய்விட்டது.

தண்ணீர் இரண்டு லீற்றர் கொள்ளும் ஏற்பாடு. ஓடை தெளிவாகத் தெரிந்தாலும் மேலே தேயிலையும் லயங்களும் இருந்தால் உரமும் மருந்தும் அழுக்கும் கலந்திருக்கும். கிருமி கொல்லும் மாத்திரை இரசாயனத்தை எடுக்காது. பீலியில் பிடிப்பதானாலும் அது குடிக்கிற தண்ணீரா என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.

குளிர் அவ்வளவு மோசமா?

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் 10 பாகைக்குக் கீழே போவது சாதாரணம். சில நாட்களில் புல்லில் உறைபனியும் விழும். ஏறும்போது வியர்த்து நனைந்த சட்டையோடு உச்சியிலிருந்து அப்படியே இறங்குவதுதான் பிழை. உச்சியில் நின்று உலர்ந்த பனியனை மாற்றி, மேலே காற்றுப் புகாத சட்டை போட்டு, முழுக் கையுறையும் போடுங்கள். விறைத்த விரலால் பிறேக் பிடிக்க வராது. அவசரத்துக்குப் பத்திரிகைத் தாளை நெஞ்சில் செருகினாலும் காற்றை மறிக்கும்.

மிருகம், பூச்சி?

சிறுத்தையைவிடக் குளவிக்குப் பயப்படுங்கள். கொழுந்தெடுக்கும் பெண்களைக் குளவி தாக்கிய செய்தி அடிக்கடி வருவது எல்லாருக்கும் தெரியும். மரத்தில் கூடு கண்டால் மணியடிக்காமல், கத்தாமல் கடந்து போங்கள். கலைந்துவிட்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். பல இடத்தில் கொட்டினாலோ மூச்சு இழுத்தாலோ 1990 அம்புலன்ஸ். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலுறையில் காயத் தேய்த்தால் ஓரளவு ஏறாது.

மண்சரிவு எச்சரிக்கை வந்தால்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படி விடுக்கிறது. மஞ்சளில் தோட்டப் பாதையை விட்டுப் பெருவீதிக்கு வாருங்கள். செம்மஞ்சளில் பயணத்தை நிறுத்துங்கள். 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் பல இடங்களில் உடைத்துப்போட்டது. அதற்கு முந்திய பயணக் குறிப்பை நம்பி வழி போடாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

திரும்பி வந்த பிறகு சைக்கிளுக்கு என்ன செய்ய வேண்டும்?

மலைச் சேறு செயினுக்குள் இருக்க, எங்களுடைய உப்புக் காற்றில் ஒரு கிழமை விட்டால் துரு பிடித்துவிடும். வந்த அன்றே வாளித் தண்ணீரில் கழுவி, செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் பிறேக் கட்டையிலோ டிஸ்க் தகட்டிலோ படக் கூடாது. பட்ட கட்டையை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.